கிடப்பில் கிடந்த டீசல்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது லங்காவியில் ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "பாய்மரப் படகு ஒன்று மூன்று ஆண்டுகளாகக் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. தொட்டியில் பாதி அளவு டீசல் கிடக்கிறது. அப்படியே எஞ்சினை முடுக்கு என்கிறார் ஒருவர். வாயால் உறிஞ்சி எடுத்துக் கால்வாயில் ஊற்று என்கிறார் இன்னொருவர். எது சரி, சார்?" என்பது அவர் கேள்வி.

இரண்டும் தவறு, தம்பி. காரணத்தைச் சொல்கிறேன். படகைக் கண்ணால் பார்த்திராத வாசகர்களும் படிக்கலாம். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் ஜெனரேட்டருக்கும் மூலையில் நிற்கும் பழைய டிராக்டருக்கும் இதே கதைதான்.

தண்ணீர் எப்படி வந்தது?

காற்றில் ஓடும் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்கலாம். துறைக்குள் நுழையவும், துறையை விட்டுக் கிளம்பவும், காற்று விழுந்த நேரத்தில் நகரவும் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று தேவை. அது ஓடுவது கொஞ்ச நேரம்தான். ஆகவே, ஊற்றிய எண்ணெய் மாதக் கணக்கில் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 2020 மார்ச்சில் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது, உடையவர்கள் வர முடியாமல் எத்தனையோ படகுகள் நெடுநாள் சும்மா நின்றன.

பாதி காலியான தொட்டியில் மீதி இடம் காற்று. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். இரவில் தொட்டி குளிர்ந்ததும், சோற்றுப்பானை மூடியில் வேர்ப்பதுபோல உள்சுவர் வேர்க்கிறது. அந்த நீர் வழிந்து அடியில் சேர்கிறது. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீரும் இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அதனால் அடியில் தங்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. தண்ணீரில் வாழ்ந்து எண்ணெயைத் தின்கின்றன. கறுப்பாகவும் பழுப்பாகவும் கொழகொழவென்று ஒரு வண்டல் படிகிறது. அதிலிருந்து வரும் அமிலம் இரும்புத் தொட்டியை அரிக்கும். இது போதாதென்று, காற்றும் வெப்பமும் பட்டு எண்ணெயே பிசினாக மாறத் தொடங்குகிறது. ஆறு மாதம், ஓராண்டு தாண்டிய டீசலைச் சோதிக்காமல் நம்பக்கூடாது.

நம் செம்பனைக்கும் பங்கு உண்டு

நாம் வெட்டிய குலையும் இந்தத் தொட்டியில் இருக்கிறது. பாமாயிலிலிருந்து செய்யும் பயோடீசலை நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்து வாகனங்களுக்கு விற்பது 2019-இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் லங்காவியில் இருபது பங்கு கலப்பு தொடங்கியது. இந்தக் கலப்பு, வெறும் டீசலைவிட அதிகமாக ஈரத்தை ஏற்கும். கிருமிகளுக்கும் எளிதான உணவு. இது செம்பனையின் குற்றமன்று. வாங்கியதும் எரித்தால் நல்ல எண்ணெய்தான். வடித்த சோறு அன்றைக்கு அமிர்தம், மூன்றாம் நாள் யாரும் தொடமாட்டார்கள் அல்லவா?

ஆபத்து கடலில்தான்

கரையில் நிற்கும் வரை வண்டல் அடியில் தூங்கும். கடலில் படகு ஆடியதும் கலங்கி எழும்பும். பில்டர் அடைத்துக்கொள்ளும், எஞ்சின் நிற்கும். அது பெரும்பாலும் அலை மோதும் துறைவாயிலில், பாறைக்கு அருகில் நடக்கும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் இடம் அதுதான். ஆகவே சும்மா முடுக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது.

செய்ய வேண்டியது

கைப்பம்பின் குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டு, கொஞ்சம் எண்ணெய் எடுங்கள். தெளிவான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வையுங்கள்.

தெளிவாக, பளிச்சென்று இருந்தால், நீர் பிரிக்கும் பில்டரில் வடித்து, புது டீசலோடு கலந்து பயன்படுத்தலாம்.

அடியில் நீர் மட்டும் தங்கினால், சுத்தமான எண்ணெய் வரும்வரை அடியிலிருந்து பம்பால் இழுத்துவிட்டு, மீதியை வடிக்கலாம்.

கறுத்து, புளித்த நாற்றத்தோடு கொழகொழவென்று இருந்தால், அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தொட்டியைக் காலி செய்து, திறந்து துடைத்து, பில்டர்களை மாற்றி, எண்ணெய்க் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். டீசலுக்கென்று விற்கும் கிருமிக்கொல்லி கிருமியைக் கொல்லும்; செத்த வண்டலை அகற்றாது. மருந்தை மட்டும் ஊற்றிவிட்டுக் கிளம்பினால் செத்த வண்டலே பில்டரை அடைக்கும்.

தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. கொட்ட மனம் வராதது இயல்பே. ஆனால் கெட்ட எண்ணெயால் பழுதாகும் எஞ்சினுக்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

வாயால் உறிஞ்சாதே, தம்பி

குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது தோட்டத்திலும் பழக்கம். டீசல் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு வாய் எண்ணெய் உள்ளே இறங்கினாலும் நுரையீரல் வெந்து, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கைப்பம்பின் விலை சில வெள்ளிதான்.

கழிவு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றம். மூடியுள்ள தோம்பில் சேர்த்து, பெயர் எழுதி ஒட்டி, உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுக்கப் பட்டறையே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் கால்வாய் முடியும் இடத்தில் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

இனி எந்த எஞ்சினை நீண்ட நாள் நிறுத்தினாலும், தொட்டியில் சிறிது இடம் மட்டும் விட்டு நிரப்புங்கள். மூடி வளையத்தைப் பாருங்கள். எண்ணெய் ஊற்றிய தேதியை ஓர் அட்டையில் எழுதித் தொட்டியில் கட்டுங்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும், "ஒரு ராத்திரி பொறுங்கள், போத்தலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவன் சொல்லும் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.