வாசி யோகமும் நாடி சுத்தியும்

பிறந்த குழந்தை யாருடைய உபதேசமும் இல்லாமல் தானாகவே மூச்சு விடுகின்றது. ஆனால் வயது வந்த மனிதனுக்கு மாத்திரம் மூச்சு விடுவதற்கு ஒரு குருவும், அவருக்குத் தக்ஷிணையும், அவர் காதில் ஓதும் ரகசியமும் வேண்டுமென்று நம் நாட்டில் சொல்லப்படுகின்றது.

இடது மூக்கில் ஓடுவது சந்திரகலையாம். வலது மூக்கில் ஓடுவது சூரியகலையாம். இரண்டையும் சமன் செய்து சுழுமுனையில் ஏற்றினால் உடம்பிலுள்ள 72,000 நாடிகளும் சுத்தியாகி, சகல வியாதிகளும் ஓடிவிடுமாம்.

இந்த 72,000 என்பதை எண்ணியவர் யார்? ஹடயோகப் பிரதீபிகை 72,000 என்கின்றது. சிவ சம்ஹிதை மூன்றரை லட்சம் என்கின்றது. பிரச்ன உபநிஷத்தின் கணக்கைப் பெருக்கிப் பார்த்தாலோ 72 கோடிக்கு மேல் போகின்றது. எல்லாம் ஞானதிருஷ்டியில் கண்டவை என்றால், ஒரே உடம்பைப் பார்த்தவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது என்று கேட்கின்றோம்.

நாம் சொன்னால் நாஸ்திகன் சொல்லுகிறான் என்பார்கள். ஆகையால் வேதமே பிரமாணம் என்றவரும், 1875ல் ஆரிய சமாஜத்தை ஸ்தாபித்தவருமான தயானந்த சரஸ்வதியையே சாக்ஷிக்கு அழைக்கின்றோம். கங்கையில் மிதந்து வந்த ஒரு பிணத்தைக் கரைக்கு இழுத்துக் கத்தியால் அறுத்து, யோக நூல்களில் கண்ட சக்கரங்களையும் நாடிகளையும் தேடிப் பார்த்ததாகவும், சிறிதும் பொருந்தாததால் அந்நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்ததாகவும் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். ஒரு சந்நியாசிக்கு இருந்த இந்தத் துணிவு இன்று படித்த பட்டதாரிகளுக்கு இல்லையே!

நிற்க, இரு மூக்கிலும் மூச்சு மாறி மாறி ஓடுவது உண்மைதான். மூக்கின் உட்சதையில் ஒரு பக்கம் ரத்தம் நிறைந்து வீங்கும்போது மறுபக்கம் வற்றுகின்றது. சில மணி நேரத்தில் இது மாறுகின்றது. 1895ல் கெய்ஸர் என்னும் ஜெர்மன் டாக்டர் இதை விவரித்து எழுதினார். நம் முன்னோர் கண்டது சரி. அதற்குக் கூறிய காரணந்தான் கற்பனை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நம் மூக்கில் வேலை ஒன்றுமில்லை.

நிதானமாக மூச்சு விட்டால் மனப் படபடப்பு தணிகின்றது, இருதயத் துடிப்பு குறைகின்றது, ரத்த அழுத்தமும் சிறிது இறங்கலாம். இதை நாம் மறுக்கவில்லை. செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். அதற்குக் காசும் வேண்டாம், காவியும் வேண்டாம். ஆனால் மூச்சை இழுத்து இழுத்துப் பிராணவாயுவை ரத்தத்தில் கொட்டிவிடலாம் என்பது வீண் பேச்சு. ஆரோக்கியமுள்ளவன் ரத்தம் சாதாரணமாகவே நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அதை ஏற்றுக் கொண்டுதான் இருக்கின்றது.

இது வெறும் வேடிக்கையானால் நாம் இவ்வளவு எழுத மாட்டோம். 2020ல் கொரோனா பரவியபோது, 10 விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நோய் இல்லை என்று ஒரு புரளி ஊரெங்கும் கிளம்பிற்று. அது பொய்யென்று உலக சுகாதார ஸ்தாபனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியவன் தன் வீட்டிலுள்ள கிழவர்களுக்கு நோயைக் கொடுத்திருக்க மாட்டானா? நாடி சுத்தியை நம்பி நீரிழிவுக்காரன் இன்சுலினையும், காசநோய்க்காரன் மாத்திரையையும் நிறுத்தினால், போகும் உயிருக்குக் குருவா ஜவாப்தாரி? செத்தவன் மேலேயே "பயிற்சி போதாது, நம்பிக்கை குறைவு" என்று பழி போடுவதற்கல்லவா அவர்கள் கற்றிருக்கின்றார்கள்!

வைத்தியசாலையில் ரத்தத்தை எடுத்தால், அளவைக் காகிதத்தில் எழுதி நம் கையில் கொடுக்கின்றார்கள்; சந்தேகமிருந்தால் வேறு இடத்திலும் பரிசோதித்துக் கொள்ளலாம். நாடி சுத்திக்காரரிடம் அப்படி ஒரு அளவு உண்டா? கேட்டால் "அனுபவித்தால்தான் தெரியும்" என்பார். சரக்கைக் காட்டாமல் விலை கேட்கும் வியாபாரியிடம் சந்தையில் நாம் ஒரு காசு கொடுப்போமா? கத்தரிக்காய் வாங்குவதற்குக் காட்டும் புத்தியை, உயிர் விஷயத்திலும் காட்டுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.