காளான் குடிலுக்கு எந்தத் தண்ணீர்?

மதிப்பிற்குரிய திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

சிப்பிக் காளானுக்கு வயலும் வேண்டாம், உரமும் வேண்டாம். வைக்கோல், கரும்புத் தோகை, சோளத்தட்டை, மக்காச்சோளச் சக்கை ஆகியவற்றிலுள்ள செல்லுலோசையும் லிக்னினையும் தன் நொதிகளால் சிதைத்து உண்டே அது வளர்கிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் 1962-லேயே இதை வைக்கோலில் வளர்த்துக் காட்டினர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பின்னர் கோ 1, ஏபிகே 1, எம்டியு 1 போன்ற ரகங்களை வெளியிட்டது. அதன் வேளாண் அறிவியல் நிலையங்களில் ஒன்று வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் உள்ளது.

நறுக்கிய வைக்கோலை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்துவார்கள். பாலித்தீன் பையில் வைக்கோலும் காளான் வித்துமாக அடுக்கித் துளையிட்டுக் கட்டினால், 15 முதல் 20 நாளில் வெண்ணிறப் பூசண இழை பை முழுவதும் படரும். அதன்பின் மொட்டு, சில நாளில் அறுவடை. 45 நாளுக்குள் மூன்று முறை பறிக்கலாம். ஆம்பூர்ப் பக்கம் வைக்கோல் மாட்டுக்கும் தீவனம். ஆகவே வயலில் கொளுத்தப்படும் கரும்புத் தோகையிலிருந்து தொடங்குவதே சரி. 30 டிகிரிக்கு மேல் சிப்பிக் காளான் தளரும். கத்திரி வெயில் மாதங்களுக்குப் பால் காளானே பொருத்தம்.

பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிராமில் சுமார் 3 கிராம் புரதம், 2 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து, அரை கிராமுக்கும் குறைவான கொழுப்பு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் இதில் உண்டு. நயாசின், பொட்டாசியம் ஆகியவையும் கணிசம். வெயிலில் காயவைத்தால் இதிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. ஆனால் சத்துணவு முட்டைக்கு இது மாற்றாகாது: 100 கிராம் காளானின் புரதம் ஒரு முட்டையிலுள்ளதில் பாதிதான்.

பாலாற்றங்கரையில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரை. ஊறவைக்கவும் தெளிக்கவும் பயன்படுவது கிணற்று நீரே. சிப்பிக் காளான் தான் வளரும் பொருளிலிருந்து காட்மியம், பாதரசம் முதலிய உலோகங்களை உறிஞ்சிச் சேர்க்கும் இயல்புடையது. தோல் பதனிடும் ஆலைக் கழிவின் உப்பும் குரோமியமும் இப்பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கின்றன. ஊட்டம் தர வேண்டிய உணவு நஞ்சைச் சுமந்து ஏழை வீட்டுத் தட்டுக்குப் போகக் கூடாது. இந்த மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக ஏற்றது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான மண்ணிலேயே சோதிக்காத நீரில் காளான் வளர்க்கச் சொல்வது முறையல்ல.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் காளான் குடில் அமைக்க உதவுமுன், அந்தந்தக் கிணற்று நீரையும் வைக்கோலோ தோகையோ விளைந்த வயலின் மண்ணையும் அரசுச் செலவில் சோதிக்க ஆணையிட வேண்டும். முதல் அறுவடையின் மாதிரியில் குரோமியம், காட்மியம், ஈயம் அளக்கப்பட வேண்டும். நீர் தேறாத ஊர்களில் குடில்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்பு தேவை. அறுவடை முடிந்த காளான் பையின் வைக்கோலையும் தோகையையும் மாட்டுக்குத் தீவனமாகவோ மண்புழு உரமாகவோ மாற்றலாம் என்ற பரிந்துரையும் அதே சோதனைக்குப் பிறகே வழங்கப்பட வேண்டும்.