பிள்ளைகளின் பங்கு

கோயில் தர்மகர்த்தாவைத் தெரியாதவர் நம்மில் இல்லை. கோயில் நிலம் சுவாமியுடையது; அதைப் பராமரித்துக் கணக்குக் காட்டும் பொறுப்பே அவருடையது. ஒரு மரக்கால் நெல்லைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் ஊர் சும்மா விடாது. இதே ஏற்பாட்டைக் குடும்பத்திற்கும் செய்துகொள்ளலாம் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை. டிரஸ்ட் என்பது அதுவே.

1882-ம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம் இத்தகைய குடும்ப ஏற்பாடுகளுக்காக ஏற்பட்டது. சொத்து ஒருவர் பொறுப்பில் இருக்கும். அதன் பலன் மற்றொருவரைச் சேரும். பொறுப்பேற்ற டிரஸ்டி ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும். அந்தச் சொத்தைக் கொண்டு தமக்கு லாபம் தேடலாகாது. கடமை தவறி நஷ்டம் வந்தால் ஈடுசெய்ய வேண்டும். வீடு, நிலமானால் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்வது அவசியம். உயிலின் மூலமாகவும் ஏற்படுத்தலாம்.

"சிற்றப்பா பார்த்துக்கொள்வார்" என்று வாய்ச்சொல்லாக விட்டுப்போகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். சிற்றப்பா உத்தமராகவே இருக்கட்டும். அவருக்கும் கடன் நேரலாம். அவர் காலத்துக்குப் பின் அவருடைய மக்கள், "இது எங்கள் தகப்பனார் சொத்து" என்று வழக்காடலாம். அந்தச் சமயத்தில் அநாதைக் குழந்தைகளுக்காகப் பேசுவது பத்திரம் ஒன்றுதான்.

வீடும் நிலமும் இல்லாத குமாஸ்தாவுக்கும் உபாத்தியாயருக்கும் கூட ஒரு வழி உண்டு. 1874-ம் வருஷத்து விவாகமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-வது பிரிவு அது. மணமான ஒருவர் தம் ஆயுளின் பேரில் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, மனைவி மக்களின் நன்மைக்கென்று பாலிஸியிலேயே குறிப்பிட்டுவிட்டால், அது டிரஸ்ட் ஆகிவிடுகிறது. ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும் என்பதை 1923-ம் வருஷத் திருத்தம் தெளிவாக்கிற்று. பின்னர் வியாபாரம் நொடித்து, கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றாலும், அந்தத் தொகையை அவர்கள் ஜப்தி செய்ய முடியாது. அவர்களை ஏமாற்றும் எண்ணத்துடன் எடுத்த பாலிஸியானால் மட்டுமே அதன் தொகையிலிருந்து கேட்கலாம். பாலிஸியில் வெறுமனே நாமினி பெயரை எழுதுவதால் இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

ஒன்றை மறக்கக்கூடாது. இவ்விதம் கொடுத்தது கொடுத்ததுதான். பின்னால் பண முடை வந்ததென்று தகப்பனார் தம் இஷ்டப்படி அதில் கைவைக்க இயலாது. சிலருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் கடன்காரரிடமிருந்து மட்டுமின்றி, தகப்பனாரின் அவசரத்திலிருந்தும் பிள்ளைகளின் பங்கைக் காப்பது இதுவே. ஆகையால் பாலிஸி விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.