காற்றறிந்து கப்பலேறுவோம்

வெப்பமண்டலத் தீவுகளுக்குக் கப்பலில் உல்லாசப் பயணம் போக எல்லா மாதமும் ஏற்ற மாதமே என்று சுற்றுலா விளம்பரங்கள் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பனியில் உறைந்து கிடக்கும் நாட்டினருக்கு இது பொருந்தலாம். அவர்கள் தேடி வருவது வெயில். அது இங்கே பன்னிரண்டு மாதமும் கிடைக்கும். ஆனால், கெடாவின் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு வெயில் ஒரு சுற்றுலாப் பொருளா? நாம் தீவுக்குப் போவது கடலுக்காக. கடலுக்கோ பருவம் உண்டு. எனவே, தீவுப் பயணத்தைத் திட்டமிடும் எவரும் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆண்டுக்கு ஒரு முறை, ஏன், வாழ்நாளில் ஒரே முறை பயணம் போகக்கூடிய நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இது மிக மிக அவசியம்.

இது புதிய கருத்தன்று. பழைய கடாரம்தான் இன்றைய கெடா. வங்கக் கடலைக் கடந்த பாய்மரக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்தன. வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பிச் சென்றன. இடையில் காற்று மாறும்வரை காத்திருக்க ஒரு துறை வேண்டியிருந்தது. கடலிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் ஜெராய் மலையும் அதனருகே மெர்போக் ஆற்றின் முகத்துவாரமும் அத்தகைய துறைக்கு இடம் தந்தன. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் கடாரம் வந்து, ஆண்டின் இறுதி மாதத்தில்தான் இந்தியாவை நோக்கிக் கப்பலேறினார். பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று நாம் காணும் கோயில் அடித்தளங்கள் அந்தக் கடல் வாணிகத்தின் எச்சங்களே. 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் மீது படை நடத்திய இராசேந்திர சோழனால்கூடக் காற்றை வெல்ல முடிந்திருக்காது!

இன்று நமக்கு எந்திரப் படகுகள் உள்ளன. கோலக்கெடாவில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் லங்காவியில் இறங்கிவிடலாம். ஆனால், காற்று மாறிவிடவில்லை. டிசம்பர் இறுதி தொடங்கி மார்ச் வரை லங்காவியில் மழை குறைவு. கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டாயாங் பந்திங், பெராஸ் பாசா, சிங்கா பெசார் எனத் தீவுக்குத் தீவு படகில் சுற்றுவதற்கும், பாயார் தீவில் பவளப்பாறைகளைப் பார்ப்பதற்கும் அதுவே நல்ல காலம். மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மழை கொட்டும். கிழக்குக் கரையிலோ நிலைமை தலைகீழ். இங்கே கடல் அடங்கும் காலத்தில்தான் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளில் அலை உயர்ந்து, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பல விடுதிகள் மூடிக் கிடக்கும். ஒரே நாடு, இரண்டு கடல், இரண்டு நாள்காட்டி!

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? 2018 ஜூலை 5ஆம் நாள், லங்காவிக்கு வடக்கே அதே அந்தமான் கடலில் உள்ள புக்கெட் அருகே, பருவக்காற்றுக் கொந்தளிப்பில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் உயிரிழந்தனர். விடுமுறைக்காக வந்தவர்கள் அவர்கள்.

பெரிய உல்லாசக் கப்பல்கள் எல்லா மாதமும் ஓடுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் வரும் கப்பல்கள் சிறிய அலைகளுக்கு அஞ்சுவதில்லை. ஆனால், கரையிறங்கிய பிறகு தீவு பார்க்க நாம் ஏறுவது சிறு படகில்தானே? மழைக்காலத்தில்தான் கட்டணம் மலிவு என்றும் வாதிடலாம். மஹ்சூரி கல்லறையைப் பார்க்கவும், நீர் பெருகிய தெலாகா துஜோ அருவியை ரசிக்கவும் போகிறீர்களா? தாராளமாகப் போகலாம். கடலை நாடிப் போய்ப் படகு ரத்தாகி, இரண்டு நாள் விடுதி அறைக்குள் அடைந்து கிடப்பது மலிவான பயணமல்ல. அதுவே விலை உயர்ந்த பயணம்.

நம் பெரியவர்களுக்குக் 'கப்பல்' என்ற சொல் உல்லாசத்தை நினைவூட்டுவதில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனப் பல்லாண்டு ஓடியது. அதன் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! சஞ்சிக் கூலிகளாக வந்த பலர் இந்த மண்ணில் முதலில் மிதித்ததே ஒரு தீவைத்தான். ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம் அது. பின்னாளில் சிறைச்சாலையாகி 1993இல் மூடப்பட்ட அதே தீவில், அதன்பின் உல்லாச விடுதியும் எழுந்தது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள், மகிழ்ச்சிக்காக ஒரு முறை கடல் கடப்பது ஆடம்பரமாகுமா?

தோட்டத்தில் ஓய்வு என்பது திட்டமிட்டு வந்ததில்லை. விடியலில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய வருமானத்தில் துண்டு விழும். அப்படி வந்த ஓய்வு கவலையைத்தான் தந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பலர் சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்கு வந்துவிட்ட பிறகும் இந்த மனநிலை மாறவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், ஐந்தாண்டுக்குக் குறைவானவருக்கு 12 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாள் எனச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையை உறுதி செய்கிறது. அந்த நாள்களெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போக, மீதியைப் பணமாக மாற்றிக்கொள்வோர்தான் அதிகம். எஞ்சிய ஒரே பயணமும் தீபாவளிப் பணம் கையில் இருக்கும் அக்டோபர், நவம்பரில் அமைந்துவிடுகிறது. அதுவோ கெடாவில் அடைமழைக் காலம்.

விந்தை என்னவென்றால், இரப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் லங்காவிக் கடல் தெளிந்திருக்கும். தைப்பூசம் முடிந்த கையோடு வரும் காலம் அது. பொதுப் பல்கலைக்கழகங்களில் முதல் பருவத் தேர்வு முடிந்து நமக்கு விடுமுறை கிடைப்பதும் பெரும்பாலும் அதையொட்டித்தான். ஆகவே மாணவ நண்பர்களே, அந்த விடுமுறையில் பெற்றோரைத் தீவுக்கு அழைத்துச் செல்ல இப்போதே திட்டமிடுங்கள். மூன்று மாதங்களுக்கு முன்பே அவர்களின் ஆண்டு விடுமுறைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். மாதம் சிறு தொகை ஒதுக்குங்கள். புறப்படும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையைப் பாருங்கள். உயிர்காப்பு மேலங்கி தராத படகில் ஏறாதீர்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

நம் மொழிக்கழகங்களும் முன்னாள் மாணவர்களும் மனம் வைத்தால், தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் ஒரு பேருந்தில் ஏற்றிப் பூஜாங் பள்ளத்தாக்கு வழியாகக் கோலக்கெடா சென்று கடலைக் காட்டலாம். பயணக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். பயணத்தை யார் தருவது?

காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்றனர் நம் முன்னோர். தூற்றுவதற்குக் காற்று வேண்டும். கடலேறுவதற்குக் காற்று அடங்க வேண்டும். இரண்டுக்கும் காலம் அறிய வேண்டும். அம்மா அப்பாவின் கால்களுக்குப் படகேறும் வலு இருக்கும் காலத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கடல் அடுத்த ஆண்டும் அமைதியாகும்; அந்தக் கால்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.