சந்தைக்கு உடையவரே சரக்கும் விற்பதா?

ஏகபோகம் என்றால் என்ன என்று காஞ்சி நெசவாளருக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பட்டு நூலும் சரிகையும் ஒருவர் கையில். சேலையின் விலையும் அவர் வாயில். நெய்தவருக்கு மிஞ்சுவது கூலி மட்டுமே! அந்தப் பிடியைத் தளர்த்தவே கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன.

இன்றோ சந்தையே இடம் மாறுகிறது. காந்தி ரோட்டுக் கடைகளில் நடந்த வாணிபம் கைப்பேசித் திரைக்குள் புகுந்துவிட்டது. அந்தத் திரையில் எந்தக் கடை முன்னே தெரியலாம், எது பின்னே மறையலாம் என்று தீர்மானிப்பவர் ஒருசிலரே. அதே வீதியில் தமக்கென்று கடை விரித்திருப்பவரும் அவர்களே!

கற்பனையல்ல இது. சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் நிறுவனம் 2012-இல் கூகுள் மீது போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக 2018-இல் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். ஆண்ட்ராய்டு வழக்கில் 2022-இல் 1,337.76 கோடி! விளைவு? 2024 மார்ச்சில், கட்டணத் தகராறில், அதே நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி செயலியைத் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது கூகுள். மத்திய சர்க்கார் தலையிட்ட பிறகே அது திரும்பிற்று. வலுவுள்ள நிறுவனத்துக்கே இக்கதி என்றால், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் எம்மாத்திரம்?

"இலவசமாகத் தேடித் தருகிறார்கள், வழி காட்டுகிறார்கள், அவர்களையா உடைப்பது?" என்று கேட்பர் சிலர். வளர்ந்தது குற்றமென்று நாம் கூறவில்லை. தராசும் தம் கையில், சரக்கும் தம் கையில் என்பதே குற்றம். 1911-இல் அமெரிக்கா ஸ்டாண்டர்டு ஆயிலைப் பிரித்தது, எண்ணெய் வற்றிவிடவில்லை. 1984-இல் ஏ.டி. அண்டு டி. பிரிக்கப்பட்டது, தொலைபேசி ஊமையாகிவிடவில்லை. ஆனால், கூகுள் சட்டவிரோதமாகத் தேடல் ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று 2024-இல் தீர்ப்பளித்த அமெரிக்க நீதிமன்றமே, 2025-இல் குரோமை விற்கும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. வழக்கு மன்றத்தை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள், தமக்குப் பங்குள்ள நிறுவனத்தின் சரக்கைத் தம் தளத்தில் விற்கலாகாது என்று 2018 டிசம்பரில் விதி செய்தது நம் நாடு. அந்த நியாயத்தைத் தேடுபொறிக்கும் செயலிக் கடைக்கும் நீட்டிச் சட்டமாக்க வேண்டும். சந்தையை நடத்துவோர் நடத்தட்டும். விற்பதைத் தனி நிறுவனம் செய்யட்டும்.

அபராதம், அவர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு. பிரிவினையே பரிகாரம். தேர் எவருடையதாகவும் இருக்கலாம். தேரோடும் வீதி ஊருக்குப் பொது அன்றோ!