செவியா, அளவுகோலா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டார் உறங்கும் வேளையில், இசைப் பிரியருக்கு ஹெட்போனே துணை. அதற்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபயர் வாங்க விழையும் அன்பர்கள் ஒரு வழக்கை அறிதல் நலம். கருவியின் சிறப்பு அளவைகளில் உள்ளதா, அமைப்போரின் கொள்கையில் உள்ளதா என்பதே அது.

2011-இல் பெயரை மறைத்துக்கொண்ட பொறியாளர் ஒருவர் 'ஓ2' என்னும் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை யாவரும் அறிய வெளியிட்டார். மலிவான சில்லுகளைக் கொண்டே சிறந்த அளவைகளைப் பெறலாம் என்பது அவர் வாதம். கலிபோர்னியாவின் 'ஷிட்' நிறுவனமோ தனித்தனி டிரான்சிஸ்டர்களால் அமைப்பதைப் போற்றி வந்தது. 2019-இல் அந்நிறுவனமே இரு தரப்பாருக்கும் இணங்கியது. டிரான்சிஸ்டரால் ஆன 'மேக்னி 3+', சில்லுகளால் ஆன 'மேக்னி ஹெரசி' இரண்டையும் 99 டாலர் விலைக்கே அளித்தது. அளவையில் ஹெரசியே முந்தியது.

ஆயினும், திரிபு பதினாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்தபின், இசைக்கிடையே அதனைச் செவி உணர்தல் அரிது. ஆகவே மூன்றையே நோக்குக: போதிய வலிமை, இரைச்சலின்மை, ஹெட்போனின் மின்தடுப்பில் எட்டில் ஒரு பங்கிற்கு மிகாத வெளியீட்டு மின்தடுப்பு. 32 ஓம் ஹெட்போனுக்கு இது 4 ஓம். ஒப்பிடுகையில் ஒலியளவைச் சமமாக்கிக் கேட்பீராக. சற்றே உரத்து ஒலிப்பதை இனிதென்று மனம் மயங்கும்.

இம்மூன்றும் நிறைந்தால் கொள்கை எதுவாயினும் குறைவில்லை. ஹெட்போனுக்கு ஹெட்போன் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது. மிச்சப் பணத்தை அதற்கே செலவிடுதல் அறிவுடைமை.