விடுப்பை வாய்ச்சொல்லாகத் தராதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், ஒரு நாள் மாலை ஆய்வகத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் நாலாக மடித்த வெள்ளைத்தாள். காசநோய் என்று இரண்டு நாள் முன்புதான் தெரிந்திருக்கிறது. “சார், கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வரட்டுமா?” என்று கேட்டார். அந்தத் தாளை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “லெட்டரெல்லாம் எதுக்கும்மா? நான் பாத்துக்கறேன். உடம்பைத் தேத்திக்கிட்டு வா” என்று அனுப்பிவைத்தேன். நல்ல நெறியாளராக நடந்துகொண்டோம் என்ற நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

ஏழு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோதுதான் என் நல்ல மனசின் விலை தெரிந்தது. இடைப்பட்ட அரையாண்டு அறிக்கை கோப்பில் இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாததால், மாதாமாதம் உதவித்தொகைக்குப் போகவேண்டிய உறுதிப்பாட்டை அலுவலகம் நிறுத்தி வைத்திருந்தது. பின்னால் கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது ஆதாரம் கேட்டார்கள். மருத்துவச் சான்று இருந்தது. விடுப்பு அனுமதித்த ஆணை இல்லை. கோப்பைப் பொறுத்தவரை அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஏழு மாதம் வராமல் இருந்தவர். அந்த ஆணையைப் பெற்றுத் தந்திருக்க வேண்டியவன் நான்.

இதழின் வாசகர்கள் பெரும்பாலும் நெறியாளர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். நம்மில் பலர் விடுப்பை இப்படித்தான் தருகிறோம். கடிந்துகொண்டு மறுப்பவர்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அன்போடு தருகிறவர்களும் வாய்ச்சொல்லாகத் தந்து மாணவரைச் சிக்கலில் விடுகிறோம்.

விதி என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி, ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டு கிடைக்கலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. விடுப்பு என்று அந்த ஒழுங்குமுறை பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஒன்றைத்தான்: பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக ஆய்வுக் காலம் முழுவதிலும் 240 நாள் வரை. புற்றுநோய்க்கு, விபத்துக்கு, மனச்சோர்வுக்கு, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்று அதில் ஒரு வரியும் கிடையாது. ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. அதுவும் நெறியாளர் ஒப்புதலோடு. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கே சிகிச்சை 6 மாதம்.

ஆக, உடம்பு படுத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. பருவத்துக்கு ஒருமுறை ஆய்வாலோசனைக் குழு முன் வந்து நின்றாக வேண்டும். முன்னேற்றம் திருப்தி இல்லையென்றால் குழு காரணத்தைப் பதிவுசெய்து, திருத்த வழி சொல்லும். அப்படியும் சரியாகவில்லை என்றால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். காரணம் கோப்பில் ஏறாத நோய், குழுவின் கண்ணுக்குச் சோம்பலாகத்தான் தெரியும்.

ஆய்வாளர்கள் ஏன் வாய் திறந்து கேட்பதில்லை? கேட்டால் ‘இவருக்கு ஆய்வு சரிப்படாது’ என்று நாம் முடிவுகட்டிவிடுவோம் என்ற பயம். மனநலம் என்றால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு அளவில் 39 விழுக்காட்டினர் இருந்தார்கள். விரும்பிப் பதில் தந்தவர்களின் கணக்கு இது என்பதால், இதை அப்படியே எல்லார் மீதும் ஏற்றிவிட முடியாது. ஆனாலும் நம் ஆய்வகத்தில் அப்படி யாரும் இல்லை என்று எந்த நெறியாளரும் அடித்துச் சொல்ல முடியாது.

நம் பக்கத்துச் சங்கடத்தையும் ஒளிக்க வேண்டாம். பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 ஆய்வாளர்கள் என்பது வரம்பு. ஒருவர் ஓராண்டு நின்றுபோனால் அந்த இடம் அடைபட்டே கிடக்கும். ஆய்வுத் திட்டத்துக்கு நிதி தந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். வளர்த்துவைத்த செல்களுக்கோ பசுமைக்குடிலில் நிற்கும் செடிகளுக்கோ மருத்துவச் சான்று புரியாது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை நெறியாளர் தீர்க்க வேண்டிய கணக்கு. காய்ச்சலில் கிடப்பவரின் தலையில் இதை ஏற்றக்கூடாது.

என் அனுபவத்தில் படித்துக்கொண்டதைச் சொல்கிறேன். கடிதத்தை வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதச் சொல்லுங்கள். பரிந்துரைத்துத் துறைத்தலைவர் வழியாக ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பி, ஆணையாகப் பெறுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தின் குறிப்பில் அந்த விடுப்பு இடம்பெறட்டும். நோயின் பெயர் குழு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. இத்தனை நாள் ஓய்வு தேவை என்ற மருத்துவரின் சொல் போதும். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே உரிமையாக்கியிருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை ஆய்வகப் பலகையில் எழுதிவைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

விடுப்பு என்றால் விடுப்பாகவே இருக்கட்டும். ‘அந்தப் படத்தை மட்டும் திருத்தி அனுப்பும்மா’ என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பது விடுப்பைப் பாதியாகத் திரும்பப் பெறுவதுதான். ஆய்வகப் பொறுப்புகளை யார் பார்ப்பார் என்பதைப் போகும் முன்பே பிரித்துக்கொடுங்கள். திரும்பி வந்த முதல் மாதத்தில் கருத்தரங்க உரை வேண்டாம். விட்ட இடத்தைத் தேடிப்பிடிக்கவே அந்த மாதம் சரியாகிவிடும்.

மானியக் குழுவிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் நோயுற்ற ஆய்வு மாணவர் தன் பதிவை இடைநிறுத்தி வைக்க முடியும். பொதுவாக அந்த மாதங்கள் காலக்கெடுவில் சேர்வதில்லை. இங்கும் மருத்துவ விடுப்பில் கழியும் காலத்தை, ஓராண்டு வரையிலாவது, 6 ஆண்டுக் கணக்கிலிருந்து நீக்க ஒரு விதி வேண்டும். பெண், ஆண் என்ற பாகுபாடு அதில் கூடாது.

அந்த விதி வரும்போது வரட்டும். அதற்கு முன் உங்கள் ஆய்வாளர் எவரேனும் மடித்த தாளோடு வாசலில் வந்து நின்றால், தாளை வாங்குங்கள். தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.